மனையகம் வகுக்கும் கல்வி

மக்கட்பிறவி எடுத்தோர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை நான்கு சுவர்களுக்குள்ளேயே கழிக்கின்றனர். உண்பதும் உறங்குவதும், கற்பதும் கற்பிப்பதும், நோயுற்றுக் கிடப்பதும் நோய் நீங்கி எழுவதும் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அறையினுள்ளேயே நிகழ்கின்றன. ஆயினும், வீடு கட்டுதலை ஒரு கலையென ஒப்பும் நாம், கட்டிய வீட்டின் உள்ளிடத்தை அதில் வாழ்வோர்க்கேற்ப வகுத்தலை ஒரு கல்வியென ஒப்பத் தயங்குகிறோம். அஃது ஓய்வுடையோர் பொழுதுபோக்கென்றும், செல்வர் மனையிற் சீலை தொங்கவிடும் பணியென்றும் கருதுவோரே பலர். உள்ளக வடிவமைப்பு என இக்காலத்தில் வழங்கும் அக்கல்வி யாது, அஃது எவ்வாறு தோன்றிற்று, கல்லூரிகளில் எங்ஙனம் பயிற்றப்படுகின்றது, அதனாற் பயன்பெறுவார் யார் என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம். தமிழிலக்கியம் பயில்வார்க்கு இப்பொருளில் என்ன தொடர்பு என அன்பர்கள் வினவலாம். எம்மை இதன்கண் ஈர்த்தது ஒரு குடும்ப வழக்கு. அதனை முதற்கண் கூறிவிடுவாம்.

எம் சிற்றப்பனார் இல்லம் செம்பரம்பாக்கத்தில் உள்ளது. பூந்தமல்லியினின்று பெங்களூர் நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வார்க்கு இடப்புறத்தே ஏரியின் நெடுங்கரை தோன்றும். சென்னை மாநகர்க்குக் குடிநீர் நல்கும் அவ்வேரி, நிரம்பிய காலத்தில் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் உடையது. எம் பாட்டனார் காலத்தில் ஊரார்க்கு ஏரியும் வயலுமே உலகம். இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்த் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், திருப்பெரும்புதூர், ஒரகடம் என ஆலைகள் வரிசையாய் எழுந்தன. தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வேலை தேடிவரும் இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் தங்குமிடம் வேண்டியிருத்தலின், ஊரார் பலர் தம் வீட்டின்மேல் மாடியெடுத்து அறையறையாக வாடகைக்கு விடுகின்றனர். எம் சிற்றப்பனாரும் அவ்வாறு மூன்று அறைகள் விட்டிருக்கின்றார்.

அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதி முடித்திருந்த வேளையில், சென்ற கோடை விடுமுறைக்கு யாம் அங்குச் சென்றோம். தங்கையின் விருப்பம் உள்ளக வடிவமைப்புப் பயிலுதல். தந்தையின் விருப்பம் வணிகவியல். யாம் திண்ணையில் அமரு முன்னரே சிற்றப்பனார், “தம்பி, நீ கல்லூரியிற் படிக்கின்றவன். நீயே சொல். சுவருக்கு எந்த வண்ணம் பூசுவது என்று தெரிந்துகொள்ள நான்காண்டுப் படிப்பா? அதற்கு நான் பணம் கட்ட வேண்டுமா?” என்று வினவினார். “சித்தப்பா, நான் விசாரித்துச் சொல்கிறேன்” என்பதன்றி வேறு விடை எம்மிடம் அன்று இல்லை. பின்னர் விசாரித்து அறிந்தவையே இக்கட்டுரையாயின.

முதலில் பெயர்களைப் பிரித்துணர்தல் நன்று. கட்டடக் கலைஞர் மண்ணின் இயல்பும் சுவரின் தாங்கு திறனும் கூரையின் அமைதியும் நோக்கிக் கட்டடத்தையே படைக்கின்றார். அணி செய்வோர் முடிந்த அறைக்கு வண்ணமும் துணியும் ஓவியமும் தெரிந்து பொருத்துகின்றார். இவ்விருவர்க்கும் இடையே நின்று, அறையினுள் மாந்தர் எங்கே நடப்பர், எங்கே அமர்வர், எவ்வொளியிற் படிப்பர், எவ்வழியே காற்றுப் பெறுவர், தீப்பற்றின் எவ்வழியே வெளியேறுவர் என்று எண்ணி உள்ளிடத்தை வகுப்பவரே உள்ளக வடிவமைப்பாளர். வண்ணமும் அவர்தம் பொருளே; எனினும் அது பலவற்றுள் ஒன்றேயன்றி முழுதுமன்று.

இக்கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர், அரண்மனையை நூலிட்டு அளந்து திசைநோக்கி வகுத்த முறையைக் கூறுகின்றார். கூதிர்க்காலம் வந்தவுடன் மாந்தர் சாளரக் கதவங்களை அடைத்தலையும், விசிறிகள் பயனின்றித் தொங்குதலையும், குளிர்ந்த நீர்க் கலங்களை விடுத்து மக்கள் தீக்கலங்களை நாடுதலையும் நுணுகிக் காட்டுகின்றார். பருவம் மாறின் அறையும் மாறவேண்டும் என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. அதே பாட்டில் யானைத் தந்தத்தாற் செய்த அரிய கட்டில் ஒன்றும் வருகின்றது. ஆயினும், கணவனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய அரசிக்கு அக்கட்டிலில் உறக்கம் வந்திலது. பொருளின் சிறப்பு வேறு, வாழ்வாரின் அமைதி வேறு என்பதனைப் புலவர் நமக்கு உணர்த்திவிட்டார். திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் உடைய நம் பழைய வீடுகளும் வெயிலையும் மழையையும் விருந்தையும் எண்ணி வகுக்கப்பட்டவையே.

மேனாட்டில் இது தனிக்கல்வியாக உருப்பெற்ற வரலாறு சுவையுடையது. 1859-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் மருத்துவமனைகளைப் பற்றியும் நோயாளர் பணியைப் பற்றியும் நூல்கள் எழுதி, தூய காற்றும் ஒளியும் இன்றேல் மருந்து மட்டும் போதாது என வற்புறுத்தினார். எதிரெதிர்ச் சுவர்களிற் சாளரம் அமைந்த நீண்ட கூடங்களே நோயாளர்க்கு ஏற்றவை என்பது அவர் கொள்கை. 1897-இல் ஈடித் வார்ட்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஆக்டன் காட்மன் என்பாருடன் சேர்ந்து மனையணி பற்றி நூல் வெளியிட்டார். 1916-இல் நியூயார்க்கு நகரில் இதற்கெனவே ஒரு பள்ளி தோன்றிற்று.

இவை யாவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது 1926-இல் செர்மானிய நாட்டுப் பிராங்க்பர்ட்டு நகரில் உருவாகிய அடுக்களையேயாகும். முதலாம் உலகப்போருக்குப்பின் தொழிலாளர்க்கு ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டிய அந்நகராட்சி, அவற்றின் அடுக்களையை வகுக்கும் பொறுப்பை மார்கரெட்டு ஷுட்டே-லிகோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண்மணியிடம் ஒப்படைத்தது. அவர் தொடர்வண்டியின் உணவுப் பெட்டியிலுள்ள சிறு அடுக்களையை நோக்கினார்; ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கவேண்டியுள்ளது, எவ்வளவு நேரம் செல்கின்றது என்று கணக்கிட்டார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடைய ஒரு சிற்றறையில் அனைத்தையும் கைக்கெட்டுமாறு அமைத்தார். அதுவரை தாம் சமைத்தறியாதவர் என்று பிற்காலத்தில் அவரே கூறினார். தன் பழக்கத்தை மட்டும் நம்பாது, பிறர் உழைப்பைக் கூர்ந்து நோக்குதலே இக்கல்வியின் முதற்பாடம் என்பது இதனாற் பெறப்படும். அவ்வடுக்களைக்கும் குறை உண்டு. ஒருவர்க்கே அதில் இடம். தாயும் மகளும் சேர்ந்து நின்று சமைத்தல் இயலாது. பெண்ணைத் தனியே அடைத்துவைத்தது என்று பின்வந்தோர் பழித்தனர். எனவே, அளந்து வகுப்போர் எதனை அளக்கத் தவறினர் என்பதனையும் மாணவர் வினவுதல் வேண்டும்.

நம் நாட்டுச் செய்திக்கு வருவாம். சென்னையில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் ஒரு கலைப்பள்ளி நிறுவினார். அதுவே இன்று அரசினர் கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. ஓவியத்தோடு கைத்தொழிலும் அங்குப் பயிற்றப்பட்டமை குறிக்கத்தக்கது. விடுதலைக்குப்பின், 1958-இல் சார்லசு ஈம்சு, ரே ஈம்சு என்னும் அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின்மேல் வந்து ஓர் அறிக்கை அளித்தனர். நம் இல்லங்களில் உள்ள செம்பினை எடுத்துக்காட்டி, எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், இடுப்பில் எடுப்பதா தலையில் சுமப்பதா, எத்தகைய கை அதனைப் பற்றும் என்பனவெல்லாம் பல தலைமுறையினர் எண்ணி எண்ணித் திருத்தியதன் பயனே அவ்வடிவம் என்று அவர்கள் வியந்தனர். அவ்வறிக்கையின் பின்னர் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. 1972-இல் இந்திய உள்ளக வடிவமைப்பாளர் கழகம் அமைந்தது. 1991-இல் அகமதாபாத்திலுள்ள செப்ட் என்னும் கல்வி நிலையத்தில் உள்ளக வடிவமைப்புக்கெனத் தனிப்புலம் தொடங்கப்பெற்றது. இன்று சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பல கல்லூரிகள் இப்பாடத்தை நடத்துகின்றன.

இனி, மாணவர் கற்பன யாவை எனக் காண்பாம். முதலாண்டில் அவர் கற்பது வரைதல். அழகிய காட்சியை வரைதல் அன்று. அறையொன்றை அளந்து, அதனைத் தரைப்படமாகவும் வெட்டுப்படமாகவும் அளவு பிறழாது தாளில் இடுதல். ஓர் அங்குலப் பிழை தாளில் தோன்றாது. தச்சர் அலமாரியைக் கொண்டுவந்து வைக்கும்போதே தோன்றும். இந்நாளில் படங்களைக் கணிப்பொறியில் வரைகின்றனர். ஆயினும் நல்லாசிரியர் முதலில் கையால் வரையவும் அட்டையில் உருவம் செய்யவும் பணிக்கின்றனர். கை அறியாத அளவைக் கண் நம்பிவிடும் ஆதலின்.

அடுத்தது மாந்தர் உடலின் அளவு. பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த லெ கொர்பூசியே என்னும் கட்டடக் கலைஞர், ஆறடி, அஃதாவது 1.83 மீட்டர், உயரமுள்ள ஆடவன் ஒருவனை அளவுகோலாகக் கொண்டு தம் அளவுமுறையை இயற்றினார். அவ்வுயரம் நம் பாட்டிமார்க்கு எங்ஙனம் பொருந்தும்? இந்தியர் உடலளவுகளைத் தொகுத்துத் தேபகுமார் சக்கரவர்த்தி என்பார் இயற்றிய நூலைத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. அடுக்களை மேடை சற்றே உயர்ந்தால் தோள் நோகும். தாழ்ந்தால் இடுப்பு நோகும். நாடோறும் நிற்பவர் எவரோ அவர் முழங்கையே மேடையின் உயரத்தை முடிவு செய்தல் வேண்டும். சக்கர நாற்காலியில் வருவார் திரும்புதற்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும் என்பதனையும் மாணவர் அறிகின்றனர்.

மூன்றாவது, ஒளியும் காற்றும் ஒலியும். ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை லக்ஸ் என்னும் அளவால் அளக்கின்றனர். வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்புறத்தினின்று வரின் கைந்நிழல் தாளில் விழாது. வெப்பக்காற்று மேலெழும் இயல்பினதாதலின், கூரையை அடுத்து அது வெளியேற வழி வேண்டும். மேற்குச் சாளரத்து வெயிலை உள்ளே தொங்கும் திரையினும், வெளியே கட்டிய தட்டி நன்கு தடுக்கும். கண்ணாடியைக் கடந்து உள்ளே புகுந்த வெப்பம் எளிதில் வெளியேறாது ஆதலின். வழுவழுப்பான சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி எறியும்; துணியும் பஞ்சும் அதனை ஈர்க்கும். இவையெல்லாம் பௌதிக நூலின் பகுதிகளேயன்றி வெறும் சுவை பற்றியன அல்ல.

நான்காவது, பொருள்களின் இயல்பு. பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையுள் பொதுவகைக்கு ஐ.எஸ். 303 என்னும் தரக்குறியும், நீரைத் தாங்கும் வகைக்கு ஐ.எஸ். 710 என்னும் தரக்குறியும் உண்டு. இதனையறியாதார் அடுக்களைத் தொட்டியின் கீழே பொதுப் பலகையை இட்டு, மழைக்காலத்தில் அஃது உப்பிப் பிரிதலைக் காண்பர். பலகையை ஒட்டும் சில பசைகளினின்று பார்மால்டிகைடு என்னும் தீய ஆவி வெளிப்படும். எனவே புதிய அறையைக் காற்றாட விடுதல் வேண்டும். இவற்றோடு மின்கம்பி, நீர்க்குழாய், தீத்தடுப்பு, செலவுக் கணக்கு, 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஆகியனவும் பாடங்களே. இறுதியாண்டுகளில் மாணவர் வேலை நடக்குமிடம் சென்று, தச்சரிடமும் கொத்தரிடமும் மின்வினைஞரிடமும் நின்று கற்கின்றனர்.

இக்கல்விக்குச் செம்பரம்பாக்கச் சுற்றுப்புறத்தைவிடச் சிறந்த பாடநூல் யாண்டும் இல்லை என்பது எம் துணிபு. சாளரக் கண்ணாடி செய்யும் ஆலை திருப்பெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. உருகிய கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் சமனாக்கும் விந்தையை அங்குச் செய்கின்றனர். அறைகள் எத்துணை இன்றியமையாதவை என்பதனை இவ்வட்டாரமே நாடறியக் காட்டிற்று. 2021 டிசம்பரில் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையை மறித்து நின்றனர். நெருக்கடியான அறைகளையும் தரையிற் படுக்கும் நிலையையும் பற்றி அப்பொழுது செய்தித்தாள்கள் எழுதின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெருங்குடியிருப்பு ஒன்று ரூபாய் 706.50 கோடிச் செலவில் திறக்கப்பெற்றது. பதினெண்ணாயிரவர் உறங்கும் இடத்தில் ஒரு விளக்கை எங்கே வைப்பது என்னும் சிறு வினாவும், பதினெண்ணாயிரவர் வினாவாகிவிடுகின்றது. இதனைச் செல்வர் பொழுதுபோக்கு எனல் யாங்ஙனம் பொருந்தும்?

மீண்டும் எம் சிற்றப்பனார் இல்லத்துக்கு வருவாம். மாடியறையொன்றில் ஆறு பெண்கள் தங்கியிருந்தனர். அறையின் நீளம் 12 அடி. அகலம் 10 அடி. மூவர் பகலிலும் மூவர் இரவிலும் ‘ஷிப்டு’ வேலைக்குச் செல்வர். நடுவே ஒரு விளக்கு. ஒருத்தி தலைவார அதனை ஏற்றினும் அனைவரும் விழிப்பர். பகலில் உறங்குவார்மேல் மேற்குச் சாளரத்து வெயில் விழும். ஈரத்துணிகள் உள்ளேயே கொடியில் தொங்கும். எம் தங்கை அவ்வக்காமாரிடம் இசைவு பெற்று, அறையை அளந்து, கட்டமிட்ட தாளில் வரைந்தாள்; கட்டில்களை அட்டையில் வெட்டி அத்தாளின்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பின்னர்க் கட்டில்களின் திசையை மாற்றி, பழஞ்சேலைகளை இரட்டையாகத் தைத்துத் தடுப்பாகக் கட்டினாள். கட்டிலின் தலைமாட்டில் சிறு விளக்குகள் வைத்தாள். சாளரத்துக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டச் செய்தாள். துணிக்கொடி மொட்டைமாடிக்குச் சென்றது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் எல்லாம் முடிந்தன. நான்காம் நாள், இரவு வேலைக்குச் செல்லும் பெண்ணொருவர் எம் சிற்றன்னையிடம், “அக்கா, பல மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் இடையில் விழிக்காமல் உறங்கினேன்” என்றார்.

சிற்றப்பனார் மகிழ்ந்தார். ஆனால் தங்கை அத்துடன் நிற்கவில்லை. தான் வரைந்த தாளைத் தந்தையின்முன் விரித்து, “அப்பா, எப்படி வைத்துப் பார்த்தாலும் இந்த அறை நால்வர்க்குத்தான். ஒருவர்க்கு இருபது சதுர அடிதான் வருகிறது. திரையும் விளக்கும் அதை மாற்றா” என்றாள். அவர் நெடுநேரம் விடை கூறவில்லை. அவ்வறைகளின் வாடகையே அவளைக் கல்லூரிக்கு அனுப்புதற்கு அவர் சேர்த்துவந்த பணம் என்பது எமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அறுவர் நால்வராயின் அப்பணம் குறையும். தன் கல்விக்கு எதிராகத் தன் முதற் படத்தையே சான்றாக வைத்தாள் அப்பெண். உள்ளக வடிவமைப்பாளர்க்கு இறுதியில் வேண்டுவது இந்நேர்மையே என யாம் அன்று உணர்ந்தோம். இடமில்லாத அறையை அழகால் மறைத்தல் எளிது. இடமில்லை என்று கூறுதல் அரிது.

இக்கல்வியை நாடுவார்க்குச் சில எச்சரிக்கை கூறுதல் கடன். கட்டடக் கலைஞர் என்னும் பெயரை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. ஐந்தாண்டு கற்றுப் பதிவு பெற்றோரே அதனைச் சூடலாம். உள்ளக வடிவமைப்பாளர்க்கு அத்தகைய சட்டக்காப்பு நம் நாட்டில் இல்லை. ஆதலின் ஆறு திங்கள் பயின்றாரும் நான்காண்டு பயின்றாரும் ஒரே பெயர்ப்பலகை மாட்டுகின்றனர். எனவே, சேருமுன் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்புடையதா என ஆராய்க. தச்சுப்பட்டறை உண்டா, ஆசிரியர் களத்தில் வேலை செய்தவரா, முன்னாண்டு மாணவர் வரைந்த படங்களைக் காட்டுவரா என வினவுக. கட்டணத்தை மட்டுமன்று, தாளுக்கும் அட்டைக்கும் கணிப்பொறிக்கும் ஆகும் செலவையும் கணக்கிடுக. முதல் சில ஆண்டுகள் ஊதியம் குறைவாயிருத்தலையும், விடுமுறை நாளிலும் வேலையிடத்துக்கு ஓடவேண்டியிருத்தலையும் பொறுக்க வல்லார்க்கே இத்துறை ஏற்றது. இவற்றையெல்லாம் யாம் சிற்றப்பனாரிடம் மறையாது கூறினோம்.

அன்பர்களே! நம் கல்லூரி விடுதியறைகளையே ஒருமுறை நோக்குமின். மேசை எப்புறம் இருக்கின்றது? ஒளி எங்கிருந்து வருகின்றது? அறைத்தோழன் உறங்கும்போது நாம் ஏற்றும் விளக்கு அவன் முகத்தில் விழுகின்றதா? இவ்வினாக்களை எழுப்புதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. பிறர் உறக்கத்தையும் பிறர் உடலையும் பிறர் உழைப்பையும் எண்ணிப்பார்க்கும் உள்ளம் போதும். அவ்வுள்ளத்துக்கு அளவும் முறையும் கற்பிப்பதே இக்கல்வி.

தங்கை நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கின்றாள். விண்ணப்பத்தாளிற் கையொப்பமிட்டவர் சிற்றப்பனாரே. ஆடித் திங்களில் அம்மாடியறையினின்று ஒரு பெண் வேலைவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பினார். அவ்விடத்துக்கு வேறொருவரைச் சிற்றப்பனார் இன்றுவரை சேர்க்கவில்லை.